மேல்வகுப்பின் விலை



வடசென்னையில் வாழ்பவர்கள் இராயபுரம் இரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழங்கட்டடத்திலிருந்துதான், 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது. இரயில் வந்த காலந்தொட்டு நாம் ஒரு வழக்கத்திற்குப் பழகியிருக்கிறோம். ஒரே வண்டியில் ஏறி, ஒரே நேரத்தில், ஒரே ஊரில் இறங்குகிறவர்கள் வெவ்வேறு கட்டணம் செலுத்துகிறார்கள். அந்த வேறுபாட்டிற்கு வகுப்பு என்று பெயர். இன்று விமானத்தில் அதே வழக்கம் மிகவும் சிக்கலான உருவம் கொண்டிருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திருவொற்றியூரைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். முழங்கால் வலியால் துன்புறும் தம் தாயாரைத் தம்மிடம் அழைத்துச் செல்ல விரும்பினார். சிக்கன வகுப்பில் சீட்டு வாங்கிய பிறகு, காலை நீட்டிப் படுக்க வசதியுள்ள மேல்வகுப்பில் தாயாரை அமர்த்தினால் நலமாயிருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. விமான நிறுவனத்தின் இணையத்தளம் ஒரு தொகை கேட்டது. தொலைபேசியில் விசாரித்தபோது வேறொரு தொகை சொன்னார்கள். இரண்டும் அவர் வருவாய்க்கு எட்டாதவை. ஆகவே அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார். புறப்படும் நாளன்று, விமான நிலையத்தில் சீட்டைப் பார்த்த ஊழியர் தாமாகவே முன்வந்து மூன்றாவது தொகை ஒன்றைச் சொன்னார். அது முதல் தொகையில் பாதிகூட இல்லை! மகன் மகிழ்ந்து பணத்தைக் கட்டினார். தாயார் சுகமாகப் பயணம் செய்தார். எனினும் அவர் மனம் அமைதியடையவில்லை. "ஐயா, இம்மூன்றில் எது உண்மையான விலை? முதலில் என்னை ஏமாற்றப் பார்த்தார்களா?" என்று என்னைக் கேட்டார்.

அவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் நாம் நன்கறிந்த இரயிலைப் பார்ப்போம். கீழ்வகுப்புச் சீட்டுடன் வந்தவர், மேல்வகுப்பில் இடம் காலியாக இருந்தால், பரிசோதகரிடம் கட்டண வேறுபாட்டைச் செலுத்தி மாறிக்கொள்ளலாம். இரண்டு வகுப்புகளின் கட்டணமும் அட்டவணையில் உள்ளன. பெரியதிலிருந்து சிறியதைப் பள்ளிச் சிறுவனும் கழித்துச் சொல்லிவிடுவான். விமானத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவதே குழப்பத்தின் தொடக்கம்.

விமானத்தில் சிக்கன வகுப்பு என்பது கண்ணுக்கு ஒன்று, கணக்கில் பல. ஒரே மாதிரியான இருக்கைகளைப் பல கட்டணப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இட்டிருக்கிறார்கள். குறைந்த படியில் வாங்கியவருக்குத் தேதியை மாற்றும் உரிமை குறைவு. பணம் திரும்பக் கிடைப்பதும் அரிது. சில மலிவான படிகளுக்கு வகுப்பு மாறும் உரிமையே இராது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் கற்பித்தவை. முருகன் சில மாதங்களுக்கு முன் 30,000 ரூபாய்க்குச் சீட்டு வாங்கினான். சலீம் சென்ற வாரம் அதே வகுப்பில் 70,000 ரூபாய்க்கு வாங்கினான். இன்று மேல்வகுப்பின் கட்டணம் 1,60,000 ரூபாய். இருவரும் மேல்வகுப்புக்கு மாற விரும்பினால், வேறுபாட்டுத் தொகையாக முருகன் 1,30,000 ரூபாயும் சலீம் 90,000 ரூபாயும் கட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் தத்தம் தொகையை ஒப்பிட்டால் திகைப்பார்கள். ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். இருவரும் 1,60,000 ரூபாயே செலுத்துகிறார்கள். மூன்றாமவன் டேவிட். அவனும் 30,000 ரூபாய்ச் சீட்டுடன் வந்தவன்தான். விமானம் புறப்படுமுன் அவனுக்கு 40,000 ரூபாய்க்கு மேல்வகுப்பு இடம் கிடைக்கிறது. அவன் செலவிட்ட மொத்தம் 70,000 ரூபாய். அதாவது, சலீம் சிக்கன வகுப்பில் உட்காரக் கொடுத்த அதே தொகைக்கு டேவிட் மேல்வகுப்பில் படுத்துச் செல்கிறான்!

இது எவ்வாறு நிகழ்கிறது? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். வஞ்சிரம் ஏலத்தில் விற்கும் விலை வெயில் ஏற ஏற நிலைப்பதில்லை. பொழுதுக்குள் விற்காவிட்டால் மீன் கெட்டுப்போகும். விமான இருக்கையும் அழியும் பண்டமே. கதவு சாத்திய பின் காலியிடத்தை யாருக்கும் விற்க முடியாது. அப்படியானால் நாள் நெருங்க நெருங்க விலை குறைய வேண்டுமல்லவா? பெரும்பாலும் ஏறுகிறதே, ஏன்? கடைசி நேரத்தில் வருபவர்களில் பலர் அவசரக்காரர்கள். தொழில் காரணமாகவோ, துக்கம் காரணமாகவோ எப்படியும் போயே தீரவேண்டியவர்கள். மேலும், கடைசியில் மலிவாகக் கிடைக்கும் என்று ஊரறியத் தெரிந்துவிட்டால், எல்லாருமே அதுவரை காத்திருப்பார்கள்.

ஆகவே நிறுவனம் வெளிப்படையான கட்டணத்தைக் குறைப்பதில்லை. ஆனால், விற்காமல் எஞ்சிய மேல்வகுப்பு இடத்தை, முன்னரே சீட்டு வாங்கிவிட்ட டேவிட்டிடம் தனியே குறைந்த விலைக்குக் கொடுத்தால், அட்டவணை விலை கெடுவதில்லை. வருகிற பணம் இலாபமே. சில நிறுவனங்கள் பயணியையே ஒரு தொகை குறிப்பிட்டு விண்ணப்பிக்கச் சொல்கின்றன. இதுவும் ஏலந்தான். காசிமேட்டில் அடுத்தவர் கேட்கும் விலை நம் காதில் விழும். இங்கே ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது.

வரியும் இதில் சேர்கிறது. இந்தியாவில் சிக்கன வகுப்புக் கட்டணத்திற்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5. பிற வகுப்புகளுக்கு அது 12ஆக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18ஆக உயர்ந்தது. முதலில் சொல்லப்படும் தொகையில் வரி அடங்கியதா என்று கேளாதவர், பிறகு கணக்கு ஒத்துவரவில்லையே என்று வருந்துவார்.

இனி, இதன் வேரைத் தேடுவோம். இராயபுரத்தில் வண்டி புறப்படுவதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1849இல், பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஜூல் துப்புயி என்பவர் ஒரு நுட்பத்தைக் கண்டு எழுதினார். அக்காலத்தில் அந்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை இல்லை. கூரை போடும் செலவை மிச்சப்படுத்தவா அப்படி விட்டார்கள்? இல்லை என்றார் அவர். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம். ஏழையைத் துன்புறுத்துவது குறிக்கோளன்று. வசதியுள்ளவரை அச்சுறுத்துவதே குறிக்கோள். ஆனால் மழையில் நனைந்தவன் ஏழை.

விமானத்திலும் அதே கதை நடந்தது. 1958இல் வட அட்லாண்டிக் வழியில் சிக்கன வகுப்பு தொடங்கியபோது, அவ்வகுப்பினருக்கு எளிய சாண்ட்விச் ரொட்டி மட்டுமே கொடுக்கலாம் என்று நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. சில ஐரோப்பிய நிறுவனங்கள் அந்த ரொட்டியின்மேல் இறைச்சியையும் பிறவற்றையும் தாராளமாக அடுக்கிக் கொடுத்தன. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் முறையிட்டது. சாண்ட்விச் என்றால் என்ன என்பதைப் பற்றி உலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தில் வழக்கே நடந்தது! பிறகு 1978இல் அமெரிக்காவிலும், 1990களில் நம் நாட்டிலும் விமானத் தொழில் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. கணிப்பொறியும் துணைக்கு வந்தது. கூரையும் ரொட்டியும் செய்த வேலையை இப்போது சீட்டின் நிபந்தனைகள் செய்கின்றன.

நம் இரயிலும் இதற்கு விலக்கன்று. 2016 செப்டம்பரில் இராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், பத்து விழுக்காடு இடங்கள் விற்குந்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு, ஓர் உச்ச வரம்புவரை, ஏறும் முறை வந்தது. குளிரூட்டிய முதல் வகுப்புக்கு அந்த ஏற்றம் இல்லை. ஆகவே கீழ்வகுப்பு நிரம்ப நிரம்ப இரு வகுப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியது. 2022 மே மாதத்தில் புறநகர் வண்டிகளின் முதல் வகுப்பு ஒற்றைப் பயணக் கட்டணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பெட்டி மாறவில்லை, இருக்கை மாறவில்லை, விலை மட்டும் மாறியது. இருக்கை செய்ய ஆகும் செலவு விலையைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆயினும் இரயில்வேயிடம் வேறொரு வழியும் உண்டு. 2006 முதல் நடைமுறையில் உள்ள தானியங்கி வகுப்பு உயர்வுத் திட்டத்தின்படி, மேல்வகுப்பில் படுக்கை காலியாக இருந்தால், முழுக் கட்டணம் செலுத்தி விருப்பம் தெரிவித்திருந்த கீழ்வகுப்புப் பயணிக்கு அது கூடுதல் கட்டணமின்றியே கிடைக்கலாம். அவர் விட்டுச்சென்ற இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போகிறது. காலியிடம் இருவருக்குப் பயன்படுகிறது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அவரை ஏமாற்றினார்களா? பொய் சொன்னார்கள் என்று கூற முடியாது. மூன்றும் அந்தந்த நேரத்தில் விற்பவர் கேட்ட விலைகளே. அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மை விலை என்று சொல்ல இயலாது. இது நீதியா என்பது வேறு கேள்வி. அதிகம் கொடுப்பவர் இருப்பதால்தான் முருகனுக்கு 30,000 ரூபாய்ச் சீட்டு கிடைக்கிறது என்று நிறுவனத்தார் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் மறுபக்கமும் உண்டு. 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகள், முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதைக் குறிப்பிட்டு, மூன்றாம் வகுப்புப் பயணிக்கு ஐந்தில் ஒரு பங்கு, ஏன், பத்தில் ஒரு பங்கு வசதியாவது கிடைக்கிறதா என்று வினவினார். மேல்வகுப்பு இருக்கலாகாது என்று அவர் அங்கே வாதாடவில்லை. கீழ்வகுப்பில் போகிறவனும் மனிதனுக்குரிய வசதியோடு போக வேண்டும் என்றே கேட்டார். நாமும் கேட்க வேண்டியது அதுவே.

உங்களில் பலர் படிப்புக்காகவோ பணிக்காகவோ நாளை கடல் கடந்து செல்வீர்கள். உங்கள் குடும்பத்தில் முதல் விமானச் சீட்டை வாங்குகிறவர் நீங்களாகவே இருக்கலாம். வகுப்பு மாற எண்ணினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் சீட்டின் கட்டணப் படி மாற்றத்திற்கு இடந்தருகிறதா? சொல்லும் தொகையில் வரியும் மாற்றக் கட்டணமும் அடங்குமா? முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு? அந்த மொத்தத்தை, நேராக மேல்வகுப்புச் சீட்டு வாங்கினால் ஆகும் தொகையோடு ஒப்பிடுங்கள். பிறகு அவ்வசதி உங்களுக்கு அந்தப் பணம் பெறுமா என்று முடிவு செய்யுங்கள். முழங்கால் வலியுள்ள தாயாருக்கு அது பெறும். இருபது வயது இளைஞருக்கு அப்பணம் ஒரு பருவத்துப் புத்தகச் செலவாகலாம். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள். இடம் எஞ்சினால்தான் அது கிடைக்கும். என் மாணவரின் தாயாருக்கு அன்று இடம் எஞ்சியிருந்தது.