பாலத்துக்குப் பிறந்தநாள், இலையில் சொதி

திருநெல்வேலிக்காரர்கள் ஒரு பாலத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள். நவம்பர் வந்தால் தாமிரபரணியின் குறுக்கே நிற்கும் சுலோசன முதலியார் பாலத்துக்கு ஊர் ஆர்வலர்கள் விழா எடுப்பதுண்டு. 1843இல் திறந்த பாலம் அது.

அதற்கு முன்பு நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே படகுதான். ஆற்றில் வெள்ளம் வந்தால் அவரவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், பாலம் கட்டத் தன் சொந்தப் பணத்தை எடுத்து வைத்தார். வீட்டு நகைகளும் அதில் போயின என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அரசு உத்தியோகஸ்தர் ஒருவர் பொதுவேலைக்குக் கைக்காசைக் கொட்டினார் என்பதே கொண்டாடத் தக்க செய்திதான்!

லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து 11 வளைவுகளோடு கட்டினார்கள். 1869 வெள்ளம் அதைச் சேதப்படுத்தியது, பழுது பார்த்தார்கள். பிற்காலத்தில் அகலப்படுத்தினார்கள். லண்டனில் 1817இல் திறந்த அந்தப் பாலமோ அடித்தளம் இறங்கி, 1930களில் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே நிற்பது வேறு பாலம். மாதிரி போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலத்தில் இன்னும் பஸ் ஓடுகிறது.

இப்படியொரு நாளுக்குக் கேக் எதற்கு? நெல்லைக்கு இடியாப்பமும் சொதியும் இருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு வரும் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாவிட்டால் சம்பந்திகள் முகம் சுளிப்பார்கள். சொதிக்குக் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் தண்ணியான தேங்காய்ப்பாலில் வேக வேண்டும். குழைய வெந்த பாசிப்பருப்பு, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், இஞ்சிச் சாறு சேரும். மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி பக்கமே போகக்கூடாது. கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ்.

சோற்றுக்கும் சொதி உண்டு, ஆனால் இடியாப்பத்துக்குத்தான் அது பொருத்தம். இழைக்குள் பால் இறங்கக் கொஞ்சம் நேரம் கொடுத்துச் சாப்பிட வேண்டும். இடியாப்பம் போலவே சந்தகை பிழியும் தம்மம்பட்டி, ராசிபுரம் பக்கத்து வாசகர்கள் இடியாப்பத்துக்காக மெனக்கெட வேண்டாம். வீட்டில் சந்தகை பிழிந்தால், அடுத்த முறை சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் ஊற்றுவதற்கு முன் ஒரு பங்கை எடுத்துவைத்துச் சொதி ஊற்றிப் பாருங்கள்.