நஞ்சைக் கட்டிவைக்கும் சேறு

கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள சுங்கை செம்பிலாங் கடற்கரைக்குச் சென்றோர், நீர் வற்றிய வேளையில் சேற்றிலிருந்து எழும் கூமுட்டை நாற்றத்தை அறிவர். மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதே நம் வழக்கம். ஆனால் அந்நாற்றம் ஒரு பெரும் பாதுகாப்பின் அடையாளம் ஆகும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

நெய்தல் நிலத்துக் கண்டல் மரத்தைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். இங்குள்ள பாக்காவ் மரமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் இலையும் வேரும் சேற்றில் கிடந்து மக்குகின்றன. அச்சேற்றினுள் காற்றுப் புகுவதில்லை. ஆகவே அங்கு வாழும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட் உப்பைப் பயன்படுத்துகின்றன. அதனால் பிறப்பதே நாற்றமுள்ள ஐதரசன் சல்பைடு வாயு. அதிலுள்ள கந்தகத்தின் ஒரு பகுதி, மக்கிய பொருளோடும் இரும்போடும் சேர்ந்து சேற்றிலேயே தங்குகிறது.

இனி நஞ்சைக் கவனிப்போம். ஆர்சனிக் உலோகமும் அன்று, அலோகமும் அன்று. இரண்டின் இயல்பும் கலந்த உலோகப்போலி. வெள்ளைப் பாஷாணம் என்பது அதன் ஆக்சைடே. 1950ஆம் ஆண்டுகளிலும் ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல நம் பாட்டாளிகள் தெளித்த சோடியம் ஆர்சனைட்டிலும் இருந்தது இதுவே. ஈயச் சுரங்கங்களின் கனிமங்களிலும் இது கலந்து கிடப்பதுண்டு. தோட்டத்துக் கானும் சுரங்கத்து நீரும் ஆற்றில் கலக்கின்றன. ஆறு கொண்டுவருவதைக் கழிமுகச் சேறு வாங்கிக்கொள்கிறது.

ஆர்சனிக்குக்குக் கந்தகத்தின்மேல் தீராத பற்று உண்டு. நாடகத்தார் பூசிய மஞ்சள் அரிதாரம், இவ்விரண்டும் கூடிய கனிமமே. ஆர்சனைட் உடலில் புகுந்தால், புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றின் வேலையை நிறுத்துகிறது. சேற்றிலோ, மக்கிய பொருளிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. கொல்லும் குணமே கட்டுண்பதற்கும் காரணமாகிறது! சுவிட்சர்லாந்திலுள்ள கோலா டி லாகோ என்னும் சதுப்பு நிலத்தின் மக்கல் மண்ணை ஊடுகதிர்களால் சோதித்த அறிஞர்கள், 2012இல் இப்பிணைப்பை மெய்ப்பித்தனர்.

ஆயினும் மக்கிய பொருள் எங்கும் நன்மையே செய்யும் என்று கொள்ளலாகாது. வங்காளத்தின் நிலத்தடியில் அதுவே நுண்ணுயிர்களுக்கு உணவாயிற்று. அவை இரும்புத் துருவைக் கரைக்க, துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டுக் குழாய்க்கிணற்று நீரில் கலந்தது. அங்கே அதைப் பிடித்துவைக்கப் போதிய கந்தகம் இல்லை.

எனவே கட்டு நிலைக்க வேண்டுமாயின், உவர்நீர் வந்துபோக வேண்டும். காற்றுப் புகாத சேறும் வேண்டும். கண்டலை வெட்டி, கரை எழுப்பி, கான் வெட்டி நீரை வடித்தால் என்ன ஆகும்? காற்றுப் பட்டதும், சேற்றில் இரும்போடு கூடிய கந்தகம் அமிலமாக மாறுகிறது, மண் புளிக்கிறது, பிடிபட்டிருந்த நஞ்சும் அவிழ்கிறது. இவ்வாறு புளித்த மண் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பல இடங்களில் உண்டு.

கோல சிலாங்கூர்க் கரையோரச் சேற்றில் கெராங் சிப்பி விளைகிறது. அது நம் உணவாகிறது. ஆகவே கண்டலைக் காப்பது மரத்தைக் காப்பது மட்டுமன்று. நம் உணவையும் காப்பதாகும். மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அந்த நாற்றத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.