ஓரெழுத்து ஊமையானால்

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஓசூரைத் தாண்டியதும் நம்மை எதிர்கொள்ளும் கர்நாடகத்தின் முதல் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு மாநிலங்களும் ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகளைப் போன்றவை. பிள்ளைகளின் படிப்பு ஓசூரில். பெரியவர்களின் பிழைப்பு பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ. கடைவீதிக்குப் போவது எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அந்த ஊருக்கு. இத்தகைய எல்லை வாழ்வில் வசதியும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. சிறியதாகத் தோன்றிப் பெரியதாக முடிந்த ஓர் இடைஞ்சலைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

இவ்விதழை அச்சுக்குக் கொடுக்கும் பொருட்டு நம் சங்கத்தில் ஒரு மடிக்கணினி வாங்கி வைத்திருக்கிறோம். வாங்கி எட்டு மாதங்கள்கூட நிறையாத நிலையில், ஒரு மாலைப்பொழுது அதன் விசைப்பலகையில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து முரண்டு பிடித்தது. முதலில் ஒரு முறை தட்டினால் இரு முறை விழுந்தது. மறுவாரம் நான்கு முறை தட்டினால் ஒரு முறை விழுந்தது. அதன் பின்னர் அறவே பேச மறுத்துவிட்டது.

ஓரெழுத்துத்தானே என்று கேட்கலாம். நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டே தமிழைத் தட்டுகிறோம். அம்முறையில் அந்த ஒரு விசையிலேதான் தமிழின் அகரமும் ஆகாரமும் அடங்கிக் கிடக்கின்றன. அம்மா என்று அடித்தால் 'ம்ம்' என்று வந்தது. அப்பா 'ப்ப்' ஆனார். அக்கா 'க்க்' ஆனாள். உறவுமுறை யாவும் உயிர் நீங்கி வெறும் மெய்யாய் நின்றன! 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையில் தட்டுவோருக்கும் இதே கதிதான். அம்முறையில் ஆய்தத்துக்குரிய விசையே மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்கிறது. அது பழுதானால் 'பால்' 'பால' ஆகிவிடும். 'கல்' 'கல' ஆகிவிடும். எழுத்துகள் ஒன்றோடொன்று கூடிப் பிறக்கும் நம் மொழியில், ஒரு விசை ஊமையானால் ஒரு குடும்பமே ஊமையாகிவிடுகிறது.

மும்முறை நடை

உத்தரவாதக் காலம் இருக்கிறதே என்ற தெம்போடு, உற்பத்தியாளரின் பழுதுபார்க்கும் நிலையத்தைத் தேடி நகரத்துக்குப் புறப்பட்டோம். முதல் நடையில், 'தூசி அடைத்திருக்கிறது' என்று கூறித் துடைத்துக் கொடுத்தனர். ஒன்பது நாட்கள் ஒழுங்காய் இருந்தது. இரண்டாம் நடையில், 'திரவம் இறங்கியிருக்கிறது; ஆகவே உத்தரவாதம் செல்லாது' என்றனர். அக்கணினியின் அருகில் ஒரு குவளை நீரையும் நாம் வைத்ததில்லை என்று சொன்னோம், கேட்பாரில்லை. மூன்றாம் நடையில், 'விசையை மட்டும் மாற்ற இயலாது. மேற்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும்' என்று ஒரு தொகையைக் கூறினர். அது கணினியை வாங்கிய விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அரை ரூபாய்ப் பொத்தான் கழன்றதற்குச் சட்டையையே மாற்றச் சொல்வது போலல்லவா இது என்று அன்று மனம் கொதித்தது. கொதிப்பு அடங்கிய பின், ஏன் இவ்வாறு சொல்கிறார்கள் என்று விசாரித்தறிந்தோம்.

விசைக்கடியில் என்ன இருக்கிறது?

பழைய தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் கம்பி உண்டு. ஒரு கம்பி வளைந்தால் அதை மட்டும் நிமிர்த்தலாம். ஓர் அச்சு விழுந்தால் அதை மட்டும் பற்றவைக்கலாம். யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கெனத் தட்டச்சுப் பொறி வடித்துத் தந்த காலம் முதல் பல்லாண்டுகள், மூலைக்கடை மெக்கானிக் ஒருவரே அதற்கு மருத்துவராய் இருந்தார்.

மடிக்கணினியின் அமைப்பு வேறு. மேலே எழுத்து பொறித்த மூடி. அதன்கீழ்க் கத்தரிக்கோல் போலப் பின்னிய இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றின் நடுவே ரப்பர் குமிழ். அதற்கும் அடியில், மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பெற்ற மெல்லிய ஏடு. விரல் அழுத்தும்போது குமிழ் அமுங்கி, ஏட்டின் இரு கோடுகளைத் தொடச் செய்கிறது. இக்கோடுகள் கோலத்துப் புள்ளிகளைப் போல வரிசையும் பத்தியுமாய் அமைந்தவை. பல விசைகளுக்கு ஒரே கோடு பொதுவாய்ச் செல்லும். ஆகவேதான் ஒரு சொட்டு காப்பி சிந்தினாலும் சில வேளைகளில் நான்கைந்து எழுத்துகள் ஒருசேர மறைகின்றன. மூடியோ கத்தரியோ உடைந்தால் தனியே மாற்றலாம்; ஏடு கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும்.

இதுவரை குறை சொல்ல இடமில்லை. பழைய மடிக்கணினிகளில் சில திருகுகளைக் கழற்றினால் பலகை தனியே கையில் வந்துவிடும். கணினி மெலிய மெலிய, பலகையை மேற்பாகத்தோடு சேர்த்து ஆணியடித்தாற்போல் பதிக்கலாயினர். சில வகைகளில் மின்கலத்தையும் அதனோடு ஒட்டிவிடுகின்றனர். எனவே ஒரு விசைக்காக ஓர் அங்கமே மாறுகிறது. இது இயற்கையின் விதியன்று. உற்பத்தியாளர் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் செலவை வாங்கியவர் தலையில் சுமத்துவது நியாயமா என்பதே கேள்வி.

உலகறிந்த ஒரு வழக்கு

இக்கேள்வியை நமக்கு முன்னரே கேட்டவர்கள் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில், 'வண்ணத்துப்பூச்சி' என்று பெயர் சூட்டிய புதுவகை விசையைத் தன் மேக்புக் கணினியில் புகுத்தியது. கத்தரி விசையினும் மெலிதானது அது. மெலிந்ததன் விளைவாக, ஒரு தூசித் துணுக்கு புகுந்தாலும் விசை சிக்கிக்கொண்டது. சில எழுத்துகள் விழவில்லை, சில இரட்டித்து விழுந்தன. வாங்கியவர்கள் தொடர்ந்து முறையிட்டனர். 2018 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. மறுமாதமே, வாங்கிய நாள் முதல் நான்காண்டுகள் வரை அவ்விசைப்பலகைகளை இலவசமாகப் பழுதுபார்ப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் கட்டுரையாளர் ஜோவன்னா ஸ்டெர்ன், தம் கணினியில் தகராறு செய்த எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரையை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் அந்நிறுவனம் பழைய கத்தரி விசைக்கே திரும்பத் தொடங்கியது. 2022-இல், தவறேதும் ஒப்புக்கொள்ளாமலே, 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள இசைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இலவசப் பழுதுபார்ப்பு எல்லா நாட்டினர்க்கும் கிட்டியது. இழப்பீட்டுப் பணமோ அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியோர்க்கே உரியதாயிற்று. எவ்விடத்துச் சட்டத்தின் வழியாகக் கேட்டார்களோ அவ்விடத்தார்க்கே பணம் கிடைத்தது. ஆகவே நம் இடத்துச் சட்டம் நமக்கு என்ன தருகிறது என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லையில் சிக்கிய மாணவி

அவ்வறிவு இல்லாமையால் நேர்ந்த இழப்புக்கு நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றே சாட்சி. தந்தை தொழிற்சாலைத் தொழிலாளி. மகள் ஓசூரில் இறுதியாண்டு பயில்கிறாள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஓசூர்க் கடையொன்றில் மடிக்கணினி வாங்கினர். ஐந்தாம் மாதமே சொற்களுக்கு இடைவெளி விடும் நீள விசை நின்றுபோயிற்று. பண்டைய ஓலைச்சுவடிகளில் சொற்களைப் பிரித்தெழுதும் வழக்கமில்லை என்பது மெய்யே. ஆயினும் கல்லூரியில் கொடுக்கும் ஆய்வேட்டை அவ்வாறு எழுதிக் கொடுக்க முடியுமா?

கடைக்காரர், 'எங்களிடம் ஒன்றுமில்லை. பெங்களூரு நிலையத்துக்குப் போங்கள்' என்றார். பெங்களூரு நிலையத்தில், 'ரசீது தமிழ்நாட்டினுடையது. அங்கேயே பாருங்கள்' என்றனர். தந்தை இரண்டு நாள் கூலியை விட்டு இருபுறமும் அலைந்தார். ஆய்வேட்டின் நாள் நெருங்கவே, கேட்ட பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார். 'வெளியூரில் வந்து பிழைக்கிறோம். யாரிடம் போய் நியாயம் கேட்பது, ஐயா?' என்று அவர் நம்மிடம் கூறியபோது நமக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரியும்.

வீட்டு வாசலில் நியாயம்

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் இருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. எல்லையூர் மக்களுக்கு இது பெருந்தடை. 2020 ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தடையை நீக்கிவிட்டது. பொருளை எங்கு வாங்கியிருப்பினும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஓசூரில் வாங்கிய பொருளுக்கு அத்திபெலேவாசி பெங்களூரு நகர மாவட்டத்து ஆணையத்தை நாடலாம் என்பது இதன் பொருள். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதே நிபந்தனை. வீட்டிலிருந்து தாமே கணக்கெழுதியும் வடிவம் வரைந்தும் பிழைப்போரையும் இச்சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

ஆணையத்துக்குச் செல்லுமுன் ஒரு படி உண்டு. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அவர்கள் முறையீட்டை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். நம் சங்கத்துக் கணினிக்கு நாம் செய்தது இதுவே. 'திரவம் இறங்கியது என்பதைப் புகைப்படத்தோடு எழுதிக் கொடுங்கள்' என்றும் கேட்டோம். புகைப்படம் வரவில்லை, பதினேழாம் நாள், கட்டணமின்றி மேற்பாகத்தை மாற்றித் தருவதாகச் செய்தி வந்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் அதே மேசையில் நமக்கு முன்னே நின்று, மறுபேச்சின்றிப் பணம் கட்டிச் சென்றவர்களின் முகங்கள் நினைவுக்கு வராமலில்லை.

வெளிநாட்டினர் இன்னும் ஒருபடி முன்னே சென்றிருக்கின்றனர். பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்கு, பழுதுபார்ப்பது எத்துணை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பிட்டு, விற்குமிடத்திலேயே காட்டச் செய்தனர். நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24-ஆம் நாள், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. உதிரிப்பாகம், உத்தரவாதம் பற்றிய செய்திகளை நிறுவனங்கள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேற, கேட்பவர்கள் பெருக வேண்டும்.

இல்லத்தார் கவனத்துக்கு

வாங்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: விசைப்பலகையைத் தனியே மாற்ற முடியுமா? பழுதுபார்க்கும் நிலையம் எங்கே இருக்கிறது? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதைப் படமெடுத்தும் வையுங்கள். பழுது தோன்றிய அன்றே கைப்பேசியில் காட்சியாகப் பதிவு செய்யுங்கள். நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், சொன்ன குறையையும் அவர்கள் கண்ட குறையையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு சாட்சியாகாது. கணினியைக் கொடுக்குமுன் உள்ளிருக்கும் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவசர வேலைக்கு, சில நூறு ரூபாயில் கிடைக்கும் வெளி விசைப்பலகையைச் செருகிச் சமாளிக்கலாம். கத்தி முனையால் விசையை நெம்பாதீர்கள். அது உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்கு நாமே கொடுக்கும் காரணமாகும். முறுக்குத் தட்டையும் காப்பி டம்ளரையும் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

பொருள் பழுதாவது இயல்பு. அதற்காக எவரையும் நாம் பழிக்கவில்லை. பழுதைப் பார்க்க மறுத்து, ஏழையை ஊருக்கு ஊர் விரட்டுவதே பழிக்கத்தக்கது. வந்தேறிய ஊரில் வாய் திறக்கலாமா என்னும் நம் தயக்கமே அப்பழியைச் செய்வோர்க்குத் துணையாய் இருக்கிறது.

அந்த மாணவியின் தந்தையிடம் ரசீதும் கட்டிய பணத்துக்கான சீட்டும் பத்திரமாய் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் முடிய இன்னும் நாள் இருக்கிறது. முறையீட்டை எழுத அடுத்த ஞாயிறு அவர் நம் சங்கத்துக்கு வருகிறார். பழுது நீங்கிய விசைப்பலகையில் அதை நாமே தட்டிக் கொடுக்க இருக்கிறோம். இதே துன்பம் கண்ட குடும்பங்கள் வேறு இருப்பின், தாள்களோடு அவர்களும் வரலாம்.