ஒரே மழை, ரெண்டு மண்



திண்டிவனம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க: "நல்ல மழை, நிலத்துல ஈரம் இருக்கு, இப்ப தண்ணி கட்ட வேணாம்னு செல்போன்ல சேதி வந்துது. நம்பி விட்டேன். ஒரே வாரத்துல கொல்லையில மல்லாட்டை வாடிப் போச்சு. ஏரிக்குக் கீழ இருக்கிற கழனியில இன்னும் சேறு. அப்ப சேதி பொய்யா?"

கடன் வாங்கி விதைச்சவங்க கேட்கிற கேள்வி இது. சேதி பொய் இல்லை. ஆனால் அவங்க கொல்லையைப் பார்த்துச் சொன்னதும் இல்லை.

வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. 2025 மே மாதம் இந்தியாவில் தொடங்கிய புதிய முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12. உலகப் பருவநிலைக் கணக்குகளில் 100 கிலோமீட்டர் கட்டம்கூட உண்டு. விழுப்புரமும் திண்டிவனமும் அதில் ஒன்றாகவே அடங்கிவிடும்.

6 கிலோமீட்டர் கட்டம் என்றாலும் சுமார் 9,000 ஏக்கர். அதற்குள் மேட்டில் செம்மண், பள்ளத்தில் களி, ஓடைக்கரையில் மணல். பல கணக்குகளில் எந்த மண் அதிகமோ அதையே கட்டம் முழுக்க வைத்துவிடுகிறார்கள். சராசரி எடுத்தாலும் சரி வராது. செம்மண்ணையும் களியையும் கலந்த அந்த மண் யார் நிலத்திலுமே இருக்காது!

இதனால் என்ன கெட்டது? மழையில் எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஓடும், எவ்வளவு ஆவியாகும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. ஈரம் ஆவியானால் காற்று குளிரும். காய்ந்த தரை சுடும். மண் தப்பானால் நாளைய வெயில் கணக்கும் தப்பும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியதே, அதை எந்த மண்ணும் குடிக்காது. 4, 5 செ.மீ. மழையில்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போது ஒரே கட்டத்துக்குள் இத்தனை பங்கு செம்மண், இத்தனை பங்கு களி என்று தனித்தனியாகக் கணக்கிடும் முறையும் இருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளின் வேலைகளில் மண் ஈரம் பார்ப்பதும் ஒன்று.

நம்மிடம் மண்வள அட்டை இருக்கே என்பீர்கள். தழை, மணி, சாம்பல் சத்து என்று அதில் 12 விவரம் உண்டு. மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்பது அந்த 12-ல் இல்லை. அதை நாமே பார்க்கலாம். அரை அடி தோண்டி ஒரு பிடி மண் எடுங்க. கல்லைப் பொறுக்கிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முறுக்கு மாதிரி உருட்டுங்க. உருட்டும்போதே உதிர்ந்தால் மணல்பாங்கு. சேதியில் சொல்வதற்கு முன்னாலேயே காயும். வெடிப்பில்லாமல் வளையல் மாதிரி வளைந்தால் களி, ஈரம் நிற்கும். நடுவில் உடைந்தால் ரெண்டும் கலந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டு வாங்க. எல்லாரும் உருட்டிப் பார்ப்போம்.