பழவேற்காட்டு ஏரிக்கரை வழக்கும் அப்பீல் முறையும்

பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் இடங்களைப் "பாடு" முறைப்படி ஊரார் தாமே பங்கிட்டுக்கொள்வது குப்பங்களின் நெடுநாளைய வழக்கம். அதுபற்றிய பூசல்கள் பெரும்பாலும் ஊர்க்கூட்டத்திலேயே தீர்ந்துவிடும். இறால் பண்ணைகளின் விஷயமோ ஊர்க்கூட்டத்திற்கு அடங்காமல் டில்லி வரையில் சென்றது.

பண்ணைகளின் உப்புநீர் கசிந்து நஞ்சையையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுக்கிறதென்றும், கழிவுநீரால் மீன்வளம் குன்றுகிறதென்றும் கிராம சுயராஜ்ய இயக்கத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994-ல் நேரே சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனுச் செய்தார். கோர்ட்டார் நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தாரை அனுப்பிக் கடற்கரைகளைப் பார்வையிடச் செய்தனர். 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பாயிற்று. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குளம் கூடாது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் குளமாக மாற்றலாகாது என்பன அதன் முக்கிய கட்டளைகள்.

சுப்ரீம் கோர்ட்டிலேயே தொடங்கிய வழக்கிற்கு அதற்கு மேல் அப்பீல் இல்லை. அதே கோர்ட்டாரைத் தம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுவதொன்றே வழி. பண்ணைக்காரர்கள் அவ்வாறே வேண்ட, 1997-ல் பண்ணைகளை இடிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2005-ல் பார்லிமெண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஒரு சட்டமியற்றிப் பண்ணைகளைப் பதிவு செய்யும் அதிகார சபையை அமைத்தது. கோர்ட்டில் வென்றவர்கள் அவ்வெற்றியை முழுதும் அனுபவித்தார்களென்று சொல்வதற்கில்லை.

அடுத்தவன் குளத்து உப்புநீரால் கழனி கெட்ட ஒரு குடியானவர் நஷ்டத்திற்கு வழக்கிடுவதாயின், அவர் பாதை வேறு. முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் 30 நாளுக்குள் மேல்கோர்ட்டில் அப்பீல் செய்யவேண்டும். அங்கே சாட்சியமும் சட்டமும் இரண்டும் ஆராயப்படும். அதற்கு மேல் ஹைக்கோர்ட்டில் இரண்டாம் அப்பீலுக்கு 90 நாள் தவணை உண்டு. ஆனால் முக்கியமான சட்டப் பிரச்னை இருந்தாலன்றி அதனை ஏற்கமாட்டார்கள். கிணறு உவர்ந்ததா இல்லையா என்று அங்கே புதிதாக விசாரிப்பது அரிது. சுப்ரீம் கோர்ட்டோ விசேஷ அனுமதி அளித்தாலே கேட்கும்.

ஆகவே முதற் கோர்ட்டிலேயே ருசுக்களைச் சேர்த்தல் இன்றியமையாதது. டில்லியில் நடந்ததுபோல் ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வந்து மண்ணைச் சோதிப்பார்களென்று சாமானியர் எதிர்பார்க்கலாகாது. மண், கிணற்று நீர் இவற்றின் பரிசோதனை முடிவுகளும் அடங்கல் நகலும் வேண்டும். ஸ்தலத்தைப் பார்வையிடக் கமிஷனரை நியமிக்குமாறு கோர்ட்டைக் கேட்கலாம். பயிர் கருகியதைக் கிராம அதிகாரி அந்தப் பருவத்திலேயே அடங்கலில் குறித்திராவிட்டால், பின்னர் எந்த வக்கீலும் அதனை ஈடுசெய்ய இயலாது. இதில் அதிகாரிகளின் அசட்டை சிறிய குற்றமன்று.

தீர்ப்பான உடனே நகலுக்கு மனுக் கொடுத்துவிடவேண்டும். நகல் பெறச் சென்ற நாட்கள் அப்பீல் தவணையில் கழிக்கப்படும். இன்னொன்றையும் பலர் அறியார்: அப்பீல் தாக்கல் செய்ததனாலேயே டிக்ரி நிறைவேற்றம் நின்றுவிடாது. தடையுத்தரவு வேண்டித் தனி மனுச் செய்யவேண்டும். அது கிடைக்கும் வரையில் எதிரி டிக்ரியை நிறைவேற்றிக்கொள்ளலாம்.