மலையேறும் மீனும் மணிக்குள் அடைபட்ட வாயுவும்

வண்டிப்பெரியாரில் கடல் இல்லை, ஆனால் மத்திக்கும் அயிலைக்கும் பஞ்சமில்லை. கேரளக் கடற்கரையில் பிடிபடும் மீன் கோட்டயம் வழியாகக் குட்டிக்கானத்து வளைவுகளில் ஏறி, பீருமேட்டைத் தாண்டி இங்கே வந்து சேர்கிறது. அது வருவது வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில். எஸ்டேட் லயங்களுக்கு பைக்கில் மீன் கொண்டுபோகிறவர்களும் பின்சீட்டில் அதே பெட்டியைத்தான் கட்டியிருக்கிறார்கள். விளிம்பு உடைந்து, மஞ்சள் பிடித்து, டேப் சுற்றியிருந்தாலும் பெட்டி தன் வேலையைச் செய்கிறது.

என்ன வேலை என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பெட்டியின் சுவர் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், எல்லாப் பக்கமும் சேர்த்துப் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள். உள்ளே ஐஸ், வெளியே 25 டிகிரி. இந்தச் சுவரைத் தாண்டி உள்ளே புகும் வெப்பம் ஏறத்தாழ 35 வாட். அதனால் மணிக்குச் சுமார் 380 கிராம் ஐஸ் உருகும். நள்ளிரவில் கட்டிய பெட்டி காலை எட்டு மணிக்குத் திறக்கப்படும்போது மூன்று கிலோ சொச்சம் ஐஸ்தான் கரைந்திருக்கும். அதே தடிமனில், தெர்மாகோலின் மூலப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை நுரையாக்காமல் கெட்டியாகவே வைத்துப் பெட்டி செய்தால் வெப்பம் நாலு மடங்கு வேகத்தில் புகும். பெட்டியின் கனஅளவில் 98 சதவீதம் காற்று. அசையவிடாமல் சிறைப்பிடித்த அந்தக் காற்றுதான் மீனைக் காக்கிறது. பிளாஸ்டிக்கின் பங்கு அந்தக் காற்றுக்குச் சுவர் கட்டுவது மட்டும்.

அந்தச் சுவரைக் கட்டும் கலை, பெட்டி வார்க்கும் பட்டறையில் இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அங்கே இல்லை. உடைந்த பெட்டியின் ஓரத்தைக் கிள்ளினால் உருண்டை உருண்டையாக உதிர்கிறதே, அந்த ஒவ்வொரு உருண்டையும் முன்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்த, கண்ணாடிபோல் கடினமான ஒரு மணி. தொழிலில் பீட்ஸ் என்பார்கள், ரெசின் என்பார்கள், ஈபிஎஸ் என்பார்கள். விரியக்கூடிய பாலிஸ்டைரீன் என்பதன் சுருக்கம் அது. பெட்டி நன்றாக வருமா, கையில் எடுத்தால் நொறுங்குமா என்பதில் பெரும்பகுதி அந்த மணி பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மணியின் தாய்ப்பொருள் ஸ்டைரீன் என்ற திரவம். பென்சீனையும் எத்திலீனையும் சேர்த்து, பின்பு அதிலிருந்து ஹைட்ரஜனை நீக்கி எடுப்பது. இந்தியா பல பத்தாண்டுகளாக இதைக் கப்பலில்தான் வரவழைக்கிறது. ஆலையில் ஒரு பெரிய அழுத்தக் கலனில் தண்ணீரும் ஸ்டைரீனும் ஏறக்குறைய சரிபாதியாக ஊற்றப்படுகின்றன. இரண்டும் ஒட்டாது. துடுப்பு சுழலச் சுழல ஸ்டைரீன் நுண்துளிகளாகச் சிதறும். துளிகள் ஒன்றோடொன்று கூடிவிடாதபடி டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற நுண்தூள் அவற்றின் மேல் படர்ந்து தடுக்கும். துளிக்குள் கரைத்த பென்சாயில் பெராக்சைடு 90 டிகிரி வாக்கில் வேலையைத் தொடங்கும். ஸ்டைரீன் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகும். சில மணி நேரத்தில் ஒவ்வொரு துளியும் ஒரு திடமான மணி.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஸ்டைரீன் சங்கிலியாகும்போது ஏராளமான வெப்பம் வெளிப்படும். வெப்பம் ஏற ஏற வினை வேகமாகும், வேகம் கூடக் கூட வெப்பம் இன்னும் ஏறும். கலனில் சுற்றியிருக்கும் தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு கட்டுக்குள் வைக்கிறது. வாங்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் பார்த்தது. ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் இருந்த எல்ஜி பாலிமர்ஸ் ஆலை பாலிஸ்டைரீன் தயாரிக்கும் ஆலை. ஊரடங்கில் உற்பத்தி நின்றிருந்தது, ஆனால் தொட்டியில் ஸ்டைரீன் நின்றிருந்தது. குளிர்விப்பும், தானாக வினை தொடங்காமல் தடுக்கும் மருந்தும் போதாமல், தொட்டிக்குள்ளேயே ஸ்டைரீன் சங்கிலியாகத் தொடங்கிச் சூடேறி ஆவியாகி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள். மீன் பெட்டியைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். மலிவான பொருளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு தொட்டி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி வாயு. மணி ஏறக்குறைய உருவான நிலையில், கலனுக்குள் அழுத்தத்தோடு பென்டேன் செலுத்தப்படும். 36 டிகிரியிலேயே கொதித்துவிடும் எளிய ஹைட்ரோகார்பன் அது. வெப்பத்தை 110, 120 டிகிரிக்கு ஏற்றி, இரண்டாவது பெராக்சைடு ஒன்று மிச்சமிருக்கும் ஸ்டைரீனையும் சங்கிலியாக்கும் நேரத்தில், பென்டேன் மணிக்குள் ஊறிவிடுகிறது. அழுத்தத்தை விடாமலே கலனைக் குளிர வைத்தால் பாலிஸ்டைரீன் இறுகி, பென்டேன் உள்ளே மாட்டிக்கொள்ளும். எடையில் ஐந்து, ஆறு சதவீதம். நெல்லுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி நெல்லைப் பொரியாக்குகிறதல்லவா, இங்கே அந்த ஈரத்தின் வேலையைப் பென்டேன் செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி. 1949-50 வாக்கில், ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில் ஊற்றிய பாலிஸ்டைரீன் மாதிரியை அவர் சூட்டு அலமாரியில் விட்டுவிட்டார் என்றும், திரும்பி வந்து பார்த்தபோது நுரைத்தூண் ஒன்று டப்பாவின் மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது என்றும் அந்த நிறுவனமே சொல்லும் கதை உண்டு. ஸ்டைரோபோர் என்ற பெயரில் 1952இல் டுசெல்டோர்ஃப் பிளாஸ்டிக் கண்காட்சியில் அது அரங்கேறியது. அமெரிக்காவில் டவ் நிறுவனம் அதற்கு முன்பே செய்துவந்த ஸ்டைரோஃபோம் வேறு. அது பலகையாகப் பிதுக்கி எடுப்பது. அச்சில் போட்டு எந்த உருவத்துக்கும் வார்க்கலாம் என்ற வசதி மணியால் வந்தது.

அன்றிலிருந்து மணியைத் திருத்துவதே இந்தத் துறையின் ஓயாத வேலை. முதல் தொல்லை அளவு. துடுப்பின் வேகம், நுண்தூளின் அளவு, அதைச் சேர்க்கும் நேரம் ஆகியவற்றில் சற்றுப் பிசகினாலும் ஒரே கலனில் பெரிதும் சிறிதுமாக மணிகள் விளையும். மெல்லிய கப்புக்குப் பொடிமணி வேண்டும். மீன் பெட்டிக்கும் டிவி பெட்டிக்குள் வைக்கும் மூலைத்தாங்கிக்கும் நடுத்தரம். கட்டடத்துக்கு அறுக்கும் பெரிய கட்டிகளுக்குப் பெருமணி. சலித்துத் தரம் பிரித்தபின் யாருக்கும் வேண்டாத அளவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் ஆலையின் லாபமும் நட்டமும் நிற்கின்றன. கலன் இயக்குபவரின் திறமைக்கு இதைவிட நேர்மையான பரீட்சை கிடையாது.

அடுத்தது மேற்பூச்சு. மணிமேல் துத்தநாக ஸ்டியரேட் போன்ற பொருளைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பூசுகிறார்கள். பூச்சு இல்லாவிட்டால் நீராவி பட்டதும் மணிகள் அச்சுக்குப் போகும் முன்பே ஒட்டிக் கட்டியாகிவிடும். கூடிப்போனால் அச்சுக்குள்ளும் ஒட்டாது, பெட்டி கையில் உதிரும். கிளிசரால் வகைப் பூச்சு ஒன்று நிலைமின்சாரத்தைத் தணிக்கிறது, வார்ப்பு நேரத்தையும் குறைக்கிறது. உள்ளே நுரையறைகள் பொடியாக அமைய மெழுகு வகை ஒன்றும் துளியூண்டு சேரும். கட்டடப் பலகைக்கான மணியில் தீத்தடுப்பு மருந்து கலப்பார்கள். நெடுங்காலம் அந்த வேலையைப் பார்த்த எச்பிசிடி என்ற புரோமின் சேர்மம் உயிர்களின் உடலில் தங்கிச் சேர்வது தெரிந்து, 2013இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் ஏறியது. இப்போது அதன் இடத்தில், உடலில் எளிதில் நுழையாத பெரிய மூலக்கூறு புரோமின் பாலிமர்கள் வந்திருக்கின்றன. சாம்பல் நிறத் தெர்மாகோல் பலகையைப் பார்த்திருந்தால், அதன் மணிக்குள் கிராஃபைட் இருக்கிறது என்று அறிக. வெப்பக் கதிர்வீச்சை அது தடுப்பதால் மெல்லிய பலகையே போதுமானதாகிறது.

பென்டேன் மட்டும் ஓயாமல் வெளியேறப் பார்க்கும். மூட்டையைத் தகரக் கூரைக்கடியில், நம் சித்திரை வெயிலில் வைத்தால் சில வாரங்களில் மணி பாதி உயிர் இழந்துவிடும். அப்புறம் எவ்வளவு நீராவி கொடுத்தாலும் விரியாது. கசிந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, ஒரு பொறி கிடைத்தால் தீப்பிடிக்கும். எனவே குறைந்த பென்டேனில் அதே அளவு விரியும் மணியை உருவாக்குவது ஆய்வகங்களின் நெடுநாள் முயற்சி. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தெர்மாகோல் செய்யும்போது ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று மேடைகளில் பேசுகிறார்கள். அந்தப் பழி குளோரோஃபுளூரோ கார்பன் பயன்படுத்திப் பிதுக்கிய வேறு நுரைகளுக்கு உரியது. மணி வகையில் முதலிலிருந்தே பென்டேன்தான்.

பட்டறையில் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதலில் மணியைத் தனிக் கலத்தில் நீராவியில் பொரிய விடுகிறார்கள். 30, 40 மடங்கு பெருக்கும். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து வெற்றிடமாகும், தொட்டால் நசுங்கும். அதனால் துணிப்பை போன்ற சைலோக்களில் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆறப்போட, காற்று உள்ளே புகுந்து தேறும். அவசரப்பட்டு இந்த ஓய்வைக் குறைக்கிற பட்டறைப் பெட்டிகள்தான் சுருங்கிக் கோணிப்போகின்றன. ஆறியதை அலுமினிய அச்சில் நிரப்பி மறுபடி நீராவி. மணிகள் இன்னும் விரிய இடமின்றி ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து வெளியே தள்ளினால் பெட்டி தயார்.

ஒரு கிலோ மணியில் ஏறக்குறைய 50 லிட்டர் நுரை கிடைக்கும். இந்த எண்தான் தொழிலின் வரைபடத்தையே தீர்மானிக்கிறது. மணியாக ஒரு லாரி, பெட்டியாக 30 லாரி. பெட்டியை நெடுந்தூரம் கொண்டுபோவதென்றால் காற்றுக்கு வாடகை கொடுப்பதுதான். ஆகவே மணி செய்யும் ஆலைகள் துறைமுகத்தை ஒட்டிச் சிலவே இருக்கின்றன. சுப்ரீம் பெட்ரோகெம் நிறுவனத்துக்குச் சென்னை மணலி புதுநகரிலும் மகாராஷ்டிரத்தின் நாகோதானேவிலும் ஆலைகள் உண்டு. வார்க்கும் பட்டறைகளோ வாங்குவோர் இருக்குமிடத்தைத் தேடி ஊர் ஊராகப் பரவுகின்றன. மலையேறும்போது மட்டும் பெட்டிக்குள் மீனும் ஐஸும் இருப்பதால் வாடகை கட்டுபடியாகிறது. காலிப்பெட்டியைத் திரும்பக் கீழே கொண்டுபோவதுதான் யாருக்கும் கட்டுபடியாவதில்லை.

இந்தக் கனமின்மையைத் தமிழ்நாடு ஒருமுறை சிரிக்கச் சிரிக்கக் கற்றது. வண்டிப்பெரியாரைத் தொட்டு ஓடும் பெரியாற்றின் தண்ணீர், மேலே 1895இல் திறந்த அணையில் தேக்கப்பட்டு, தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாகத் தேனிப் பக்கம் திரும்பி, வைகை அணையைச் சேர்கிறது. 2017 ஏப்ரலில், வறட்சியில் அந்த வைகை நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் தகடுகளை டேப்பால் ஒட்டி மிதக்கவிட்டார் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜூ. காற்று அவற்றை உடனே கரையில் ஒதுக்கிவிட்டது. நீரை மூடி ஆவியைத் தடுக்கலாம் என்ற யோசனையில் பிழையில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள், நீரின் தரத்தைக் காப்பது முதல் நோக்கம் என்றாலும். காற்றில் பறக்காமல் இருக்க அந்தப் பந்துகளுக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ஒரு சதுர மீட்டர், ஓர் அங்குலத் தெர்மாகோல் தகட்டின் எடையோ 300 கிராம் சொச்சம். காற்றைச் சிறைவைக்கவே பிறந்த பொருள் காற்றை எதிர்த்து எப்படி நிற்கும்?

குப்பையான பின்பும் சிக்கல் அதே கனமின்மைதான். பழைய இரும்புக்காரர் தெர்மாகோலை வாங்க மாட்டார், ஏனெனில் ஒரு மூட்டை நிறைய ஏற்றினாலும் தராசு அசையாது. அமுக்கும் இயந்திரம் இருந்தால் 40-இல் ஒரு பங்காகச் சுருக்கி, உருக்கி, படச்சட்டம் போன்றவை செய்யலாம். தொழில்நுட்பம் பழையது, கைக்கெட்டியது. இயந்திரம் இருக்கும் இடம்வரை பெட்டியைக் கொண்டுசெல்லும் செலவுதான் தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தெர்மாகோல் தட்டு, கப் வகைகளுக்குத் தடை. அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. ஒரு வேளை உபயோகத்துக்கு நூற்றாண்டுக் குப்பை என்ற வகையில் இவை சரியான தடைகள். மீன் பெட்டி இந்தத் தடைகளுக்குள் வரவில்லை. வரவும் கூடாது என்பேன். அதற்கு இணையான விலையில் மலையடிவாரத்திலிருந்து லயம் வரை ஐஸைக் காக்கும் பெட்டி இன்னும் வரவில்லை. ஆனால் காலிப்பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமையை மீன் மொத்த வியாபாரத்தின்மேல் சட்டம் சுமத்தியே ஆகவேண்டும். மேலே வரும் லாரி எப்படியும் கீழே இறங்கத்தானே போகிறது.

அதுவரை நம் பங்குக்குச் சில. உடைந்த பெட்டியை அடுப்பெரிக்கவோ குளிர்காயவோ கொளுத்தாதீர்கள். அந்தக் கரும்புகையில் ஸ்டைரீனும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. சூடான எண்ணெய்க் குழம்பை அதில் ஊற்றி வைக்காதீர்கள். ஆற்றோரம் போட்டால் உருண்டை உருண்டையாக உதிர்ந்து பெரியாற்றோடு போகும், பிறகு யாராலும் பொறுக்க முடியாது. கழுவி, காயவைத்து, நொறுக்காமல் முழுதாக, வீடு வீடாகக் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுங்கள். முழுப்பெட்டியாக இருந்தால் மீன்காரரே மறுபடி வாங்கிக்கொள்வார்.