தண்ணீர் எப்போது குறைகிறது?

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கிறது வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகனுக்குப் பெயர்போன ஊர். கிருத்திகைக் கூட்டம் இன்றும் குறையவில்லை. ஆனால் மற்ற நாட்களில் அந்தச் சாலை டிரெய்லர்களுக்குச் சொந்தம். கார் ஏற்றும் நீள வண்டிகள், டயரும் கண்ணாடியும் உதிரி பாகமும் சுமக்கும் லாரிகள், எம்-சாண்ட் டிப்பர்கள் என்று ஓய்வில்லாத ஓட்டம். இப்படி வண்டி ஓடும் இடங்களில் பட்டறைக்காரர்கள் அலுக்க அலுக்கக் கேட்கும் புகார் ஒன்று உண்டு: "அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது."

கேட்பதற்கு எளிய புகார்தான்: ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எங்கோ ஓட்டை, கண்டுபிடித்து அடைத்தால் தீர்ந்தது. ஆனால் தேர்ந்த மெக்கானிக் உடனே குனிந்து ஓட்டையைத் தேட மாட்டார். "எப்போ குறையுது தம்பி? நிறுத்தி வெச்சா குறையுதா, ஓட்டினா குறையுதா, லோடு ஏத்தினாதான் குறையுதா?" என்று விசாரிப்பார். அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஏன் என்று புரிய, இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

270 குதிரைத்திறன் லாரி ஒன்று முழுப் பாரத்தோடு மேடேறுவதாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் தருவது சுமார் 200 கிலோவாட். எரிகிற டீசலின் ஆற்றலில் இது நூற்றுக்கு நாற்பது பங்கு. மீதியில் ஒரு பகுதி புகையோடு போக, மொத்தத்தில் கால்வாசி, அதாவது 125 கிலோவாட் அளவு வெப்பம், இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலண்டின் தலையில் விழுகிறது. உள்ளே சுற்றுவது 20 லிட்டர் தண்ணீர் என்றால், அதை ஒரு டிகிரி சூடாக்க 84 கிலோஜூல் போதும். ரேடியேட்டர் கைவிட்டால் நொடிக்கு ஒன்றரை டிகிரி ஏறும். இன்ஜினின் இரும்பும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால் உண்மையில் அத்தனை வேகம் இருக்காது. ஆனாலும் கணக்கு நிமிடங்களில்தான். 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டி, சிலிண்டர் ஹெட் வளைந்து, ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவை லட்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

போகிற வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது ஒரு காலத்தில் கோளாறே அல்ல. வண்டி ஓட்டும் முறையே அதுதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குத் தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் போனார். உலகின் முதல் கார் நெடும்பயணம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இன்ஜின் குளிர்ந்தது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். குளிர்விக்க அது எளிய வழிதான். ஆனால் ஆவியானது திரும்பி வராது. வழியில் எங்கெல்லாம் தண்ணீர் கிடைத்ததோ அங்கெல்லாம் அவர் நிறுத்தி நிரப்ப வேண்டியிருந்தது.

இதை மாற்றியவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த மெர்சிடிஸ் 35 காரில் அவர் பொருத்திய ரேடியேட்டரில், பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் கொண்ட 8,070 சதுரக் குழாய்கள் இருந்தன. குழாய்களுக்குள் காற்று, அவற்றின் இடுக்கில் தண்ணீர். 18 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றானது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும் இன்றைய ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. டைம்லர், பென்ஸ் என்ற அந்த இரண்டு பெயர்களின் வழிவந்த லாரி ஆலை 2012-இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. பாரத்பென்ஸ் வண்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

சுற்று மூடியதும் இன்னொரு வசதி கிடைத்தது: அழுத்தம். மூடியில் இருக்கும் ஸ்பிரிங் வால்வு உள்ளே ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ, அதாவது ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்குகிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால் 130 டிகிரியை நெருங்கும். கசிவில் சொட்டுச் சொட்டாகப் போவது கால் லிட்டர் கூலண்டாக இருக்கலாம். கூடவே போவது இந்த அழுத்தம். அது போனதும் கொதிநிலை சரிகிறது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய சூடான பகுதிகளில் நீராவிப் படலம் உண்டாகிறது. நீராவிக்குத் தண்ணீரைப்போல் வெப்பத்தை உறிஞ்சத் தெரியாது. டேங்கில் கூலண்ட் இருக்கும்போதே வண்டி ஹீட் ஆகும் மர்மத்துக்குப் பல நேரம் இதுதான் விடை. ரப்பர் வாஷர் காய்ந்துபோன ஒரு மூடியே இத்தனையும் செய்துவிடும். எதைக் கழற்றுவதற்கும் முன்னால் மூடியைச் சோதிப்பது உத்தமம்.

சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே கணக்குத்தான். உள்ளே தண்ணீர் 110 டிகிரியில் இருந்தால், அழுத்தம் விடுபட்ட கணமே நூற்றில் இரண்டு பங்கு ஆவியாகும். 20 லிட்டரில் அது அரை லிட்டர்கூட இல்லை. ஆனால் ஆவியாக விரியும்போது 600 லிட்டர். அதுதான் கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கிறது.

இப்போது மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். ராத்திரி நிறுத்திய வண்டியின் அடியில் காலையில் ஈரம், ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை என்றால், ஹோஸ் முனைகளையும் கிளாம்புகளையும் பார்க்க வேண்டும். சூட்டில் ரப்பர் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது; குளிர்ந்ததும் சுருங்கி வழி விடுகிறது. திருகி இறுக்கினால் அன்றைக்குச் சரியாகும், ஆனால் வயதான ரப்பர் நசுங்கி நசுங்கித் தன் துள்ளலை இழந்திருக்கும். ஹோஸை மாற்றி, சூட்டுக்கேற்பத் தானே இறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங் கிளாம்பு போடுவதுதான் வைத்தியம்.

ஓடும்போது மட்டும் குறைந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, வாட்டர் பம்ப். அதன் அடியில் வேண்டுமென்றே விடப்பட்ட சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து எச்சரிக்கத்தான் அது. அதை எம்-சீல் வைத்து அடைத்த புத்திசாலிகளும் இருக்கிறார்கள். சில வாரத்தில் பேரிங்கே இறுகி நின்றுவிடும். இன்னொன்று, ரேடியேட்டரில் அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை வெடிப்பு. இங்கே சொட்டுகிற கூலண்ட் சூடான உலோகத்தில் பட்டதும் காய்ந்துவிடுவதால் ஈரம் தெரியாது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ படிந்த பொடி மட்டும் மிஞ்சும். கூலண்டுக்குச் சாயம் போட்டிருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. இன்ஜின் ஆறியபின் மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், வெடிப்பு ஆறின நிலையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கசிவுகள் கத்திரி வெயிலில்தான் அதிகம் பட்டறைக்கு வருகின்றன. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 90 டிகிரி, மார்கழிக் காற்று 25 என்றால் வித்தியாசம் 65. மே மாதம் காற்று 40 ஆகும்போது வித்தியாசம் 50. குளிர்விக்கும் திறனில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக அங்கேயே காணாமல் போகிறது. ரேடியேட்டர் இடுக்கில் எம்-சாண்ட் தூசியும் அப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளியே ஒரு சொட்டும் காணோம், லோடு ஏற்றி ஓட்டினால் மட்டும் குறைகிறது. இதுதான் வயிற்றைக் கலக்கும் பதில். கூலண்ட் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. ஆயில் மோராகத் திரிந்திருந்தால், கூலண்ட் ஆயிலோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்: ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், லைனர், மூன்றில் ஒன்று. இன்ஜின் இரவு முழுக்க ஆறியபின் ஆயில் சம்ப்பின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால், கனமான தண்ணீர் கீழே தங்கி முதலில் வெளிவரும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரியும் வாயு கூலண்டுக்குள் புகுகிறது. உறுதிசெய்ய ஒரு பள்ளிக்கூட வேதியியல் போதும். டேங்க் வாயில் புரோமோதைமால் நீலம் கலந்த திரவக் குழாயை வைத்து, மேலே தேங்கும் வாயுவை அதன் வழியே இழுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு பட்டதும் திரவம் அமிலமாகி நிறம் மாறும். டீசல் வண்டியில் நீலம் பச்சையானாலே போதும், கேஸ்கெட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்கலாம்.

அண்மைக்காலத்தில் இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது இஜிஆர் கூலர். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பல இன்ஜின்களில் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். அந்தக் குளிர்விப்பைச் செய்யும் கூலருக்குள் மெல்லிய தகட்டின் ஒரு பக்கம் பல நூறு டிகிரிப் புகை, மறுபக்கம் 90 டிகிரி கூலண்ட். ஒவ்வொரு முறை சூடு ஏறி இறங்கும்போதும் தகடு விரிந்து சுருங்கிக் களைத்து ஒருநாள் வெடிக்கிறது. கூலண்ட் புகையோடு ஆவியாகிப் போகிறது. இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை அதன் அடையாளம். இது புரியாமல் ஹெட்டைக் கழற்றிப் போட்டு கேஸ்கெட் மாற்றி, அப்படியும் வண்டி தண்ணீர் குடிப்பது கண்டு தலையில் கைவைப்பவர்கள் உண்டு.

பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் துளைபடுவது இன்னும் விசித்திரம். பிஸ்டன் இடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் மணிபோல அதிர்கிறது. அதன் வெளிப்புறத்தில் கூலண்டில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் பிறந்து அக்கணமே நசுங்குகின்றன. கப்பல் உந்திகளை அரித்த குமிழிகளைப் பற்றி இயற்பியலாளர் ராலே பிரபு 1917-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: நசுங்கும் இடத்தில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வளிமண்டலங்களுக்கு ஏறும். அந்த அடியில் இரும்பு துகள்துகளாகப் பெயர்ந்து, கடைசியில் ஊசித்துளை விழுகிறது. கூலண்டில் கலக்கும் நைட்ரைட் போன்ற வேதிப்பொருள்கள் லைனர்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை விடாமல் புதுப்பிப்பதால்தான் பெரும்பாலான லைனர்கள் தப்பிக்கின்றன.

'நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலண்ட் எதுக்கு' என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கிளைக்கால் கலவையைவிட வெறும் தண்ணீர் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும். இங்கே நாம் காசு கொடுத்து வாங்குவது கொதிநிலையையும் துருத்தடுப்பையும்தான். குறையக் குறையப் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் இரண்டும் நீர்த்துப் போகின்றன. கூடவே சுண்ணாம்பும் சேர்கிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூட்டில் வெளியே வந்து படியும், அதுவும் மிகச் சூடான இடத்தில். மெல்லிய சுண்ணாம்புப் படலமே இரும்பிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போவதைத் தடுக்கும். கசிவை விட, கசிவுக்கு ஊற்றிய தண்ணீர் பல இன்ஜின்களைக் கெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஓட்டுநர்களின் அவசர வைத்தியமான மஞ்சள் தூளையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி போட்டால், தூள் ஊறி ஓட்டையில் சிக்கி அடைக்கும். வேலை செய்யும்தான். ஆனால் அந்தத் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும். பட்டறை வரை வந்துசேர உதவினால் சரி, வந்ததும் முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும். பழைய பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்து ஒட்டலாம். அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் பொருத்திய புதியவற்றில் விளிம்பு விட்டுப்போனால் மாற்றுவதே பெரும்பாலும் லாபம்.

வடித்த கூலண்டைச் சாக்கடையிலோ வயலோரத்திலோ கொட்டக் கூடாது. கிளைக்கால் இனிக்கும், நாயும் மாடும் ருசித்துக் குடிக்கும். உடலுக்குள் அது ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மனிதருக்கும் அதே கதிதான்.

பழுது பார்த்து நிரப்பும்போது உள்ளே காற்று அடைபடாமல் வெளியேற்ற வேண்டும். காற்றுத் திருகைத் திறந்து மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறியதும் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் டேஷ்போர்டு ஊசியே பொய் சொல்லும். வெப்ப உணர்கருவி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் குறைவாகக் காட்டும். ஏறிக்கொண்டிருந்த ஊசி நடுவழியில் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால், இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டாதீர்கள். கூலண்ட் மொத்தமும் போயிருக்கலாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.